சுபுஹுத் தொழுகை முடிந்ததும் ஓதும் துஆ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபஜ்ர் என்று சிலரும் சுபுஹு என்று சிலரும் சொல்லும் அதிகாலைத் தொழுகையில் சலாம் கொடுத்து முடித்ததும் நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறிய துஆவை (வேண்டுதலை) ஓதியதாக ஹதீஸில் (நபிமொழியில்) வருகிறது. ஒரே மூச்சில் ஓதி முடித்துவிடலாம். ஆனால் அதைச் சுற்றி எழும் கேள்விகள் அவ்வளவு சிறியவை அல்ல. திரும்பத் திரும்ப வருபவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்களில் மார்க்கச் சட்டமும் உண்டு, என் கருத்தும் உண்டு. எது எது என்று படிக்கும்போதே பிரித்துக்கொள்ளலாம்.

துஆவின் வாசகம் என்ன? பொருள் என்ன?

"அல்லாஹும்ம இன்னீ அஸ்அலுக்க இல்மன் நாஃபிஅன், வரிஸ்கன் தய்யிபன், வஅமலன் முதகப்பலன்."

"யா அல்லாஹ்! பயனளிக்கும் கல்வியையும், தூய்மையான வாழ்வாதாரத்தையும், ஏற்றுக்கொள்ளப்படும் செயலையும் உன்னிடம் கேட்கிறேன்."

அவ்வளவுதான். முன்னுரையோ பின்னுரையோ இதற்கு இல்லை.

தமிழ் எழுத்தைப் பார்த்து ஓதினால் போதுமா?

மனப்பாடம் செய்யத் தொடங்குவதற்குப் போதும். அங்கேயே நின்றுவிட வேண்டாம். 'இல்மன்', 'நாஃபிஅன்', 'அமலன்' ஆகிய மூன்றிலும் தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஐன் என்ற எழுத்து வருகிறது. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. 'அமலன்' என்பதை வெறும் அலிஃபாக உச்சரித்துவிட்டால் செயலைக் கேட்பதற்குப் பதிலாக எதிர்பார்ப்பைக் கேட்டதாகிவிடும். 'ரிஸ்கன்' என்பதில் உள்ளது ஸீன் அல்ல, வண்டின் ரீங்காரம் போல ஒலிக்கும் ஸாய். 'தய்யிபன்', 'முதகப்பலன்' இரண்டிலும் வரும் பகரம் 'அப்பம்' என்பதில் உள்ளது போல வன்மையாக ஒலிக்கக் கூடாது. 'பாம்பு' என்பதன் இரண்டாவது பகரம் போல இருக்க வேண்டும். ஒவ்வொரு தொடரின் முடிவிலும் நிறுத்தி ஓதுவதானால் 'நாஃபிஆ', 'தய்யிபா', 'முதகப்பலா' என்று முடிப்பது முறை.

வீட்டில் மக்தப் மதரஸாவுக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதனிடமே ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இதற்கு வெட்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத வெட்கம்.

இதை அறிவித்தவர் யார்?

நபியவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி). இயற்பெயர் ஹிந்த், குறைஷியரில் மக்ஸூம் கிளையைச் சேர்ந்தவர். முதல் கணவர் அபூ ஸலமாவுடன் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் (புலம்பெயர்வு) செய்தவர்; பிறகு அவரைப் பிரிந்திருந்து, தாமதமாக மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தவர். உஹதுப் போரில் பட்ட காயத்தால் அபூ ஸலமா இறந்தபோது, நபியவர்கள் கற்றுக்கொடுத்த துஆவை ஓதினார்: இந்தத் துன்பத்துக்கு எனக்குக் கூலி கொடு, இதைவிடச் சிறந்ததைப் பதிலாகக் கொடு என்பது அதன் கருத்து. அபூ ஸலமாவை விடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்று மனம் கேட்டபோதும் வாயால் ஓதினார். பிறகு நபியவர்களே அவரை மணந்துகொண்டார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இதை அவரே சொல்கிறார். துஆ என்றால் என்னவென்று வாழ்ந்து பார்த்தவர் ஒருவரிடமிருந்துதான் நம்முடைய இந்த மூன்று சொற்றொடர்களும் வந்திருக்கின்றன.

இன்னொரு செய்தியும் அவர் வழியாகவே கிடைக்கிறது. நபியவர்கள் சலாம் கொடுத்ததும் பெண்கள் உடனே எழுந்து போய்விடுவார்கள். நபியவர்கள் சற்று நேரம் அப்படியே அமர்ந்திருப்பார்கள். இது புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. சலாமுக்குப் பின்னான அந்தச் சிறு இடைவெளியைக் கவனித்து வைத்திருந்தவர் உம்மு ஸலமா.

ஹதீஸ் பலவீனமானது என்று ஒருவர் சொன்னார். ஓதுவதை நிறுத்திவிடவா?

நிறுத்த வேண்டாம். ஆனால் அவர் எதை வைத்துச் சொன்னார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த ஹதீஸ் இப்னு மாஜாவின் தொகுப்பில் 925ஆவது எண்ணில் இருக்கிறது. இமாம் அஹ்மதின் முஸ்னதிலும் உண்டு. அறிவிப்பாளர் தொடரில் ஷுஅபா, மூஸா இப்னு அபீ ஆயிஷா என்று நம்பகமானவர்கள் வருகிறார்கள். அதற்கடுத்து, உம்மு ஸலமாவிடமிருந்து கேட்டவர் 'உம்மு ஸலமாவின் விடுதலை பெற்ற அடிமை' என்று மட்டுமே குறிப்பிடப்படுகிறார். பெயர் இல்லை. பெயர் தெரியாதவரின் நம்பகத்தன்மையை எடைபோட முடியாது என்பது ஹதீஸ் கலையின் விதி. ஹதீஸ் அறிஞர் அல்பூஸீரி சுட்டிக்காட்டிய குறை இதுதான்.

மறுபக்கம், துணைச் சான்றுகளைக் கருத்தில் கொண்டு ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் இதை ஹஸன் (ஏற்கத்தக்கது) தரத்தில் வைத்தார். நம் காலத்தில் அல்அல்பானீ ஸஹீஹ் (ஆதாரப்பூர்வமானது) என்றார். ஆக, பலவீனம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை; பாதியைச் சொல்லியிருக்கிறார். ஒரு பேச்சுக்கு முழுப் பலவீனம் என்றே வைத்துக்கொண்டாலும், நல்ல கல்வியையும் நல்ல சம்பாத்தியத்தையும் அல்லாஹ்விடம் கேட்காதே என்று எவரும் சொல்ல முடியாது.

சலாம் கொடுத்தவுடன் முதலில் இதையா ஓத வேண்டும்?

சலாம் கொடுக்கும்போது ஓதுவார்கள் என்றுதான் ஹதீஸில் உள்ளது. மற்ற திக்ருகளோடு (இறைநினைவு வாசகங்களோடு) இதை எந்த இடத்தில் வைப்பது என்று அதில் வரையறை இல்லை. எல்லாத் தொழுகைக்கும் பிறகு நபியவர்கள் மூன்று முறை இஸ்திஃபார் செய்து (பாவமன்னிப்புக் கேட்டு), 'அல்லாஹும்ம அன்த்தஸ் ஸலாம்' ஓதியதாக ஸவ்பான் (ரலி) அறிவிப்பது முஸ்லிமில் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிட்டு இதை ஓதுவது இயல்பான வரிசை. பிறகு ஆயத்துல் குர்ஸீ என்ற குர்ஆன் வசனம், 33 முறை தஸ்பீஹ் (ஸுப்ஹானல்லாஹ்), 33 முறை தஹ்மீத் (அல்ஹம்துலில்லாஹ்), 33 முறை தக்பீர் (அல்லாஹு அக்பர்) என்று தொடரலாம். முன்பின்னாகிவிட்டால் குற்றமில்லை.

சலாமுக்கு முன்பே, கடைசி இருப்பில் ஓதலாமா என்றும் கேட்கிறார்கள். அந்த இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத்துக்கும் நபியவர்கள்மீது சொல்லும் ஸலவாத்துக்கும் பிறகு விரும்பிய துஆவைக் கேட்க அனுமதி இருக்கிறது. ஓதலாம்.

எத்தனை முறை?

ஒரு முறை. எண்ணிக்கை எதுவும் ஹதீஸில் சொல்லப்படவில்லை. கடன் தீர ஏழு முறை, தேர்வில் தேற நாற்பத்தொரு முறை என்று செல்பேசியில் வலம்வரும் படங்களுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஓதினால் இன்ன நன்மை என்ற வாக்குறுதிகூட இந்த ஹதீஸில் இல்லை. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. கேட்பது மட்டுமே இருக்கிறது, கணக்கு இல்லை.

சில நூல்களில் வாழ்வாதாரம் கடைசியில் வருகிறதே, எது சரி?

இரண்டும் சரி. இப்னு மாஜாவில் கல்வி, வாழ்வாதாரம், செயல் என்ற வரிசை. இமாம் நவவீ தமது அல்அத்கார் நூலில் கல்வி, செயல், வாழ்வாதாரம் என்ற வரிசையில் எடுத்தெழுதியிருக்கிறார். எதை மனப்பாடம் செய்திருக்கிறீர்களோ அதையே தொடருங்கள். பக்கத்தில் இருப்பவரைத் திருத்தப் போக வேண்டாம்.

அதிகாலையில் ஏன் குறிப்பாக இந்த மூன்று?

பகலில் திக்ருக்கு மிகச் சிறந்த நேரம் சுபுஹுத் தொழுகைக்குப் பிந்திய நேரமே என்று நவவீ எழுதுகிறார். நபியவர்கள் சுபுஹு தொழுத இடத்திலேயே சூரியன் நன்றாக எழும்வரை அமர்ந்திருப்பார்கள் என்று ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) சொல்கிறார். ஆனால் இந்த துஆவின் பார்வை பள்ளிவாசலுக்கு உள்ளே இல்லை, வாசலுக்கு வெளியே இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கடை திறக்க வேண்டும், படகைத் தள்ள வேண்டும், வகுப்புக்குப் போக வேண்டும், சமையலறையில் அடுப்பு மூட்ட வேண்டும். அதற்குமுன் கேட்கப்படும் துஆ இது. சொர்க்கம், நரகம், கப்ரு பற்றிய துஆக்கள் ஏராளம் உண்டு. இது இன்றைய பகலைப் பற்றியது.

மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கல்வியை எடுத்துக்கொள்வோம். பயனற்ற கல்வியிலிருந்து நபியவர்கள் பாதுகாவல் தேடியதாக ஸைத் இப்னு அர்கம் (ரலி) அறிவிக்கிறார். ஆக, கல்வி என்ற பெயரில் வருவது எல்லாமே கேட்கத் தக்கது அல்ல. கலீஃபா உமர் (ரலி) மதீனாவின் சந்தைக்கு ஒரு விதி வைத்தார்: மார்க்க விளக்கம் பெற்றவரைத் தவிர வேறு யாரும் நம் சந்தையில் விற்க வேண்டாம். திர்மிதீயில் இது பதிவாகியிருக்கிறது. எது வட்டி, எது மோசடி, எதைச் சொல்லி விற்க வேண்டும் என்று தெரியாதவன் கல்லாவில் உட்கார்ந்தால் வருகிற காசு தூய்மையாக இருக்காது. கல்விக்கும் வாழ்வாதாரத்துக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அடுத்து, வாழ்வாதாரத்துக்கும் செயல் ஏற்கப்படுவதற்கும் உள்ள உறவு. முஸ்லிமில் வரும் ஹதீஸில் ஒரு பயணி. நெடுந்தூரம் வந்திருக்கிறார், தலை கலைந்து புழுதி படிந்திருக்கிறது, வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி 'என் இறைவா, என் இறைவா' என்கிறார். துஆ ஏற்கப்படுவதற்கு எல்லா அடையாளங்களும் இருக்கின்றன. ஆனால் அவர் உண்பது ஹராம் (விலக்கப்பட்டது), குடிப்பது ஹராம், உடுப்பது ஹராம். எப்படி அவருக்குப் பதில் கிடைக்கும் என்று கேட்கிறார்கள் நபியவர்கள்.

ஏற்கப்படுவதை ஏன் தனியாகக் கேட்க வேண்டும், செய்தால் போதாதா என்பவர்களுக்கு இப்ராஹீம் நபியின் செய்தி இருக்கிறது. அவர்களும் மகன் இஸ்மாயீலும் கஅபாவின் அடித்தளத்தை உயர்த்தும்போது "எங்கள் இறைவா, எங்களிடமிருந்து ஏற்றுக்கொள்வாயாக" என்றார்கள். அல்பகரா 127ஆவது வசனம். அல்லாஹ்வின் கட்டளைப்படி அல்லாஹ்வின் வீட்டைக் கட்டியவர்களே அப்படிக் கேட்டார்கள்.

அதிகாலையில் தொழிலுக்குக் கிளம்புவதன் சிறப்பு பற்றி ஹதீஸ் உண்டா?

உண்டு. "யா அல்லாஹ், என் சமுதாயத்துக்கு அதன் அதிகாலைப் பொழுதுகளில் பரக்கத் (அருள்வளம்) செய்வாயாக" என்று நபியவர்கள் துஆ செய்ததை ஸக்ர் அல்காமிதீ (ரலி) அறிவிக்கிறார். அவர் வணிகர். தம் சரக்கைக் காலையிலேயே அனுப்பிவைப்பார். செல்வந்தரானார் என்று அபூதாவூதிலும் திர்மிதீயிலும் அந்த ஹதீஸோடு சேர்ந்தே வருகிறது.

எங்கள் ஊரில் சுபுஹில் ஓதும் குனூத்தும் இதுவும் ஒன்றா?

இல்லை. குனூத் தொழுகைக்குள், இரண்டாவது ரக்அத்தில் ருகூவிலிருந்து (குனிதலிலிருந்து) எழுந்த பிறகு ஓதப்படுவது. 'அல்லாஹும்மஹ்தினீ ஃபீமன் ஹதைத்த' என்று தொடங்கும். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) சுபுஹில் அது சுன்னத் (நபிவழி). அதனால் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் அது பழக்கத்தில் இருக்கிறது. ஹனஃபீ பள்ளிவாசல்களில் சுபுஹில் குனூத் கிடையாது. நாம் பேசும் துஆ தொழுகை முடிந்த பின் ஓதுவது. மத்ஹப் வேறுபாடு அதைத் தொடுவதில்லை.

இமாம் சத்தமாக ஓத, நாங்கள் ஆமீன் சொல்வது சரியா?

இந்தக் கேள்வியால் பிளந்துபோன ஜமாஅத்துகள் (பள்ளிவாசலில் சேர்ந்து தொழும் கூட்டங்கள்) உண்டு. இமாம் ஷாஃபிஈ அவர்களின் நிலைப்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது: தொழுகைக்குப் பின் இமாமும் பின்பற்றித் தொழுபவர்களும் மெதுவாகவே திக்ரு செய்ய வேண்டும், மக்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இமாம் சத்தமாக ஓதினால், அவர்கள் கற்றுக்கொண்டதும் மீண்டும் மெதுவாக ஓத வேண்டும். அப்படிப் பார்த்தால், இமாம் பல்லாண்டுகளாகச் சத்தமாக ஓதியும் ஜமாஅத்தில் பாதிப் பேருக்கு துஆ மனப்பாடமாகவில்லை என்றால், நாம் விவாதிக்க வேண்டிய விஷயம் சத்தம் அல்ல.

உங்கள் பள்ளிவாசலில் கூட்டாக ஓதினால் அதற்காகத் தொழுகையை விட்டு விலகாதீர்கள். தனியாக ஓதுவதுதான் நபிவழி என்று நினைத்தால் அமைதியாகத் தனியாக ஓதுங்கள். ஆமீன் சொல்லாதவரை முறைத்துப் பார்ப்பதற்கும், சொல்பவரை வழிகேடர் என்பதற்கும் சுபுஹு நேரம் ஏற்றதல்ல.

மக்காவின் ஸம்ஸம் நீரைக் குடிக்கும்போது ஓதுவதும் இதுதானே?

ஒத்திருக்கும், ஒன்றல்ல. இப்னு அப்பாஸ் (ரலி) ஸம்ஸம் அருந்தும்போது கேட்டதாகச் சொல்லப்படும் துஆவில் பயனுள்ள கல்வி, விசாலமான வாழ்வாதாரம், எல்லா நோயிலிருந்தும் நிவாரணம் என்று வரும். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் இரண்டையும் கலந்து ஓதுவதைக் கேட்கலாம். கலந்து ஓதினாலும் கேட்கப்படுவது நல்லதுதான். இந்த ஹதீஸின் வாசகம் என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

மாதவிடாய் நாள்களில் பெண்கள் ஓதலாமா?

தாராளமாக. அந்த நாள்களில் தொழுகை இல்லை. திக்ருக்கும் துஆவுக்கும் தடை இல்லை. தொழுகை நேரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து ஓதிக்கொள்ளலாம். சயீத் அல்கஹ்தானீ தொகுத்த ஹிஸ்னுல் முஸ்லிம் இந்த துஆவைக் காலை திக்ருகளின் பகுதியிலும் சேர்த்திருக்கிறது.

நான் பஸ் ஓட்டுநர். சலாம் கொடுத்ததும் ஓட வேண்டும். நடந்துகொண்டே ஓதலாமா?

ஓதலாம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த பிறகும் ஓதலாம். நேரம் குறைவானவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் நபியவர்கள் சுபுஹு தொழுதுவிட்டு, மனைவி ஜுவைரியா (ரலி) தொழுமிடத்தில் அமர்ந்திருக்க, வெளியே கிளம்பினார்கள். முற்பகலில் திரும்பியபோதும் அவர் அங்கேயே திக்ரில் இருந்தார். அப்போது நபியவர்கள், உன்னைவிட்டுப் போனபின் நான் மூன்று முறை சொன்ன நான்கு வார்த்தைகள், நீ இன்று சொன்ன எல்லாவற்றோடும் எடைபோடப்பட்டால் அவற்றை மிஞ்சிவிடும் என்றார்கள்: "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி, அதத கல்கிஹி, வரிளா நஃப்ஸிஹி, வஸினத்த அர்ஷிஹி, வமிதாத கலிமாதிஹி." முஸ்லிமில் உள்ள ஹதீஸ். பஸ் டிப்போவுக்கு நடக்கும் தூரத்துக்குள் இரண்டையும் ஓதி முடித்துவிடலாம்.

என் சம்பளத்தில் சந்தேகம் இருக்கிறது. தூய்மையான வாழ்வாதாரம் கேட்க நாக்கு கூசுகிறது.

கூசுகிறதே, அதுவே நல்ல அறிகுறி. ஓதுவதை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே எல்லாம் தூய்மையாக உள்ளவர்கள் மட்டும் ஓத வேண்டிய துஆ அல்ல இது. இல்லாததைத்தான் கேட்கிறோம்.

ஆனால் கேட்டுவிட்டு அதே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாது. வேலையில் எந்தப் பகுதி சந்தேகத்துக்குரியது என்று எழுதிப் பாருங்கள். வட்டிக் கணக்கை நேரடியாக எழுதுவதா, அதே நிறுவனத்தில் காவல் பணியா, கமிஷனா, பொய் சொல்லி விற்கும் பொருளா? நிலைமைக்கு நிலைமை சட்டம் மாறும். விவரம் தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் முழு விவரத்தையும் சொல்லிக் கேளுங்கள். 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று மறைத்துக் கேட்டால் பதிலும் அந்த ஒருவருக்குத்தான் பொருந்தும். வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்பதை எந்த நல்ல ஆலிமும் மறந்துவிட மாட்டார். மாற்று வேலை தேடும் காலத்திலும் தினமும் சுபுஹில் இதைக் கேளுங்கள். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை, தாவூத் நபி தம் கையுழைப்பில் உண்டார்கள் என்ற புகாரியின் ஹதீஸையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அரசராகவும் இருந்தவர்கள்.

அரபு வரவில்லை. தமிழில் கேட்கலாமா?

தொழுகை முடிந்துவிட்டதால் எந்த மொழியிலும் கேட்கலாம். பொருளைத் தமிழில் சொல்லிக் கேட்டாலே துஆதான். அரபு வாசகத்தையும் மெல்லப் பழகிக்கொள்ளுங்கள், அது நபியவர்களின் வார்த்தை என்பதால். நாளுக்கு ஒரு தொடர் என்று எடுத்துக்கொண்டால் மூன்று நாளில் பாடமாகிவிடும்.

தூங்கிவிட்டேன். எட்டு மணிக்குத்தான் சுபுஹு தொழுதேன். அப்போதும் ஓதலாமா?

ஓதுங்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபியவர்களும் தோழர்களும் இரவின் கடைசியில் ஓய்வெடுத்தார்கள். விழித்திருந்து எழுப்பும் பொறுப்பு பிலாலுக்கு (ரலி). அவர் விடியும் திசையை நோக்கியபடி தம் ஒட்டகத்தில் சாய்ந்தார், அப்படியே உறங்கிவிட்டார். வெயில் பட்ட பிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். முதலில் விழித்தவர் நபியவர்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளிப் போய், உளூச் செய்து (கை, கால், முகம் கழுவித் தூய்மையாகி), பிலாலை இகாமத் (தொழுகை தொடங்கும் அழைப்பு) சொல்லச் சொல்லி ஜமாஅத்தாகத் தொழுதார்கள். தொழுகையை மறந்தவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்றும் சொன்னார்கள்.

உறங்கியதோ மறந்ததோ காரணமாக இருந்தால், விழித்ததும் தாமதிக்காமல் தொழுது, சலாம் கொடுத்து, வழக்கம்போல இந்த துஆவையும் ஓதுங்கள். அலாரத்தை அணைத்துவிட்டுத் தெரிந்தே தூங்கியிருந்தால், இஸ்திஃபாரைச் சற்றுக் கூடுதலாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.